நிபந்தனையற்ற அன்பின் நிபந்தனைகள்

மகள் பிறந்த பத்தொன்பதாவது நாள், அதிகாலை மூன்றே கால் மணி. நேரம் இவ்வளவு துல்லியமாகத் தெரிவதற்கு என் ஞாபகசக்தி காரணமில்லை. தொழில் பழக்கத்தில் குழந்தைக்கென்று ஓர் எக்செல் கோப்பு வைத்திருந்தேன். நான்கு பத்திகள்: நேரம், எத்தனை மில்லி பால், டயப்பர், யார் எழுந்தது. அன்று நான்காவது பத்தியில் என் பெயரைத் தட்டிக்கொண்டிருந்தேன். தூங்கிவிட்டாள் என்று நினைத்திருந்த மனைவி இருட்டில் பேசினாள்.

“இவளப் பாத்தா எனக்கு ஒண்ணுமே தோண மாட்டேங்குது. யாரோ அவங்க வீட்டுக் கொழந்தைய நம்மகிட்ட குடுத்துட்டு, திரும்ப வாங்கிட்டுப் போக மறந்துட்ட மாதிரி இருக்கு. நான் நல்ல அம்மா இல்லையோ?”

“அதெல்லாம் சரியாயிடும், தூங்கு” என்றேன். வந்த புகாரைப் படிக்காமலேயே ‘தீர்க்கப்பட்டது’ என்று குறித்து மூடும் பொறியாளனின் பதில். அவளிடம் சொல்லாத ஒன்று என்னிடமும் இருந்தது. எனக்கும் எதுவும் தோன்றியிருக்கவில்லை. மருத்துவமனையில் நர்ஸ் துணியில் சுற்றிக் கையில் கொடுத்தபோது வந்த முதல் எண்ணம், ‘கீழே போட்டுவிடக் கூடாது’. விலை உயர்ந்த ஒரு கேமராவைக் கொடுத்திருந்தாலும் அதே எண்ணம்தான் வந்திருக்கும். ஆனால் என்னிடம் யாரும் எதையும் எதிர்பார்க்கவில்லை. ‘பெத்த மனம் பித்து’ என்ற பழமொழி அப்பாவையும் சேர்த்துத்தான் சொல்கிறது என்று நம் ஊரில் யாரும் நினைப்பதில்லை. வீட்டுக்கு வந்த ஒவ்வொருவரும் அவளிடம்தான் கேட்டார்கள்: “மூஞ்சியப் பாத்ததும் வலியெல்லாம் மறந்துபோச்சா?” பத்தொன்பது நாளும் அவள் ஆமாம் என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

இதையெல்லாம் அவள் படித்துப் பார்த்து, எழுதலாம் என்று சொன்ன பிறகே எழுதுகிறேன்.

நிபந்தனையற்ற அன்பு என்று பேச்சு வந்தாலே நாம் கைகாட்டுவது தாயன்பைத்தான். காதலில் கணக்கு உண்டு, நட்பில் கொடுக்கல் வாங்கல் உண்டு, தாயன்பு மட்டும் ரத்தத்திலேயே ஊறியது என்போம். இதற்கு எதிர்த்தரப்பும் உண்டு. அதெல்லாம் கற்பிதம், சினிமாவும் பாட்டும் பாடப்புத்தகமும் சொல்லிச் சொல்லிப் பெண்கள் தலையில் ஏற்றி வைத்தது என்பார்கள். கல்லூரி விடுதியில் நானே இந்த இரண்டாவது கட்சிக்காக மணிக்கணக்கில் பேசியிருக்கிறேன். அப்போது அது டீக்கடை விவாதம். அந்த இரவுக்குப் பிறகு அப்படி இருக்க முடியவில்லை. இயல்பூக்கம் என்றால் என் மனைவியிடம் ஏதோ பழுது. கற்பிதம் என்றால் என் மகளுக்குக் கிடைக்கப்போவது நடிப்பு. இரண்டையும் ஏற்க முடியாமல்தான் படிக்க ஆரம்பித்தேன்.

*

இந்தக் கேள்வியைத் தொடுகிற எல்லோரும் போய் நிற்கிற இடம் ஹாரி ஹார்லோவின் குரங்குகள். அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் அவர் ரீசஸ் குரங்குக் குட்டிகளைத் தாயிடமிருந்து பிரித்து, இரண்டு பொம்மைத் தாய்களோடு வளர்த்தார். ஒன்று வெறும் கம்பி, ஆனால் அதில் பால் புட்டி இருக்கும். மற்றொன்றின்மேல் மென்மையான துணி சுற்றியிருக்கும், பால் கிடையாது. குட்டிகள் பசித்தால் மட்டும் கம்பியிடம் போய்க் குடித்துவிட்டு, மற்ற நேரமெல்லாம் துணியைக் கட்டிக்கொண்டு கிடந்தன. 1958இல் அவர் இதை வெளியிட்டபோது, குழந்தை தாயைத் தேடுவது பாலுக்காகத்தான் என்ற அன்றைய நம்பிக்கை ஆட்டம் கண்டது. அணைப்புக்கான தேடல் பிறவியிலேயே இருக்கிறது.

ஆனால் அது குட்டியின் பக்கம். தாயின் பக்கம் என்ன? பெரும்பாலும் நாம் கதையை இங்கேயே நிறுத்திவிடுகிறோம். தாயில்லாமல் தனிமையில் வளர்ந்த பெண் குரங்குகள் பிறகு தாயானபோது, பல தங்கள் குட்டிகளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சில அடித்தன, கடித்தன, குட்டிகள் செத்தும் போயின. இயல்பூக்கம் மட்டும் போதும் என்றால், கருப்பையும் ஹார்மோனும் உள்ள அந்தத் தாய்களுக்கு அது தானாக வந்திருக்க வேண்டும். வரவில்லை. இதைவிட என்னை யோசிக்கவைத்தது வேறொரு குறிப்பு. தள்ளத் தள்ள விடாமல் வந்து ஒட்டிக்கொண்ட குட்டிகள் சில இருந்தன. அவற்றிடம் தோற்றுப்போய் அணைக்கப் பழகிய தாய்களில் சில, அடுத்த குட்டியிடம் ஓரளவு ஒழுங்காக நடந்துகொண்டன. யாரிடமிருந்தும் கற்க வாய்ப்பில்லாத தாய்க்குக் குட்டியே கற்றுக்கொடுத்திருக்கிறது.

சரி, குரங்கை விடுவோம். 1980இல் ராப்சன், குமார் என்ற இரண்டு ஆய்வாளர்கள் பிரிட்டனின் மனநல மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். முதல் பிரசவம் கண்ட 112 பெண்களிடம், குழந்தையை முதன்முதலில் கையில் வாங்கியபோது என்ன உணர்ந்தீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். நாற்பது சதவீதம் பேர் சொன்ன பதில்: பெரிதாக ஒன்றுமில்லை. ஏற்கெனவே குழந்தை பெற்றவர்களிலும் நான்கில் ஒருவர் அப்படித்தான் சொன்னார். பெரும்பாலானோருக்கு ஒரு வாரத்துக்குள் பாசம் வந்துவிட்டது, சிலருக்கு இன்னும் தாமதமானது.

இந்த எண்ணை மனைவியிடம் சொன்னேன். “நாப்பதா?” என்று இரண்டு முறை கேட்டாள். பிறகு, “அப்போ இத்தன பேரும் ஆமாம் ஆமாம்னு பொய்தான் சொல்லிட்டிருக்காங்களா?” என்றாள். அன்றைக்குத்தான் பல நாட்களுக்குப் பிறகு அவள் சிரித்துப் பார்த்தேன்.

எண்கள் சிரிக்கவைக்கும், தூங்கவைக்காது. ஆறாவது வாரம் மருத்துவரிடம் போனோம். அவர் ஒரு தாளைக் கொடுத்தார். 1987இல் ஸ்காட்லாந்தில் உருவான, எடின்பரோ என்ற ஊர்ப்பெயரிலேயே அறியப்படும் பத்துக் கேள்விகள். சிரிக்க முடிகிறதா, காரணமில்லாமல் பயம் வருகிறதா, தூக்கம் வராத அளவுக்கு வருத்தமா, உங்களையே குறை சொல்லிக்கொள்கிறீர்களா என்று போகும். வெளியே வந்து ஆட்டோவுக்குக் காத்திருந்தபோது அவள்தான் கவனித்துச் சொன்னாள்: “பத்துல ஒரு கேள்விகூட ‘கொழந்தமேல பாசம் இருக்கா’ன்னு கேக்கல, பாத்தியா?” ஆமாம். அது அம்மாவைப் பற்றி மட்டும்தான் கேட்கிறது. அவள் மதிப்பெண் கவலைப்படும் அளவில் இருந்தது, சிகிச்சை தொடங்கியது. மருத்துவர் கூடவே சொன்ன இன்னொன்று: இரவில் ஐந்து மணி நேரம் யாரும் எழுப்பாத தூக்கம்.

*

இடையில் ஒரு அடிப்படைச் சந்தேகம். இயல்பூக்கம் என்றால் நிபந்தனையற்றது என்று நாம் எப்படி முடிவுகட்டினோம்?

கிராமத்தில் வளர்ந்தவர்கள் பார்த்திருப்பார்கள். பூனை குட்டி போட்டால் கிட்டே போகாதே என்று பெரியவர்கள் விரட்டுவார்கள். பயந்துபோனால் குட்டியையே தின்றுவிடும் என்பார்கள். நலிந்த குட்டியை ஒதுக்கிவிட்டு மற்றவற்றுக்கு மட்டும் பால் கொடுக்கும் நாயையும் பார்த்திருக்கிறோம். அதுவும் தாய்தான், அதுவும் இயல்பூக்கம்தான். 1964இல் டபிள்யூ. டி. ஹாமில்டன் என்ற உயிரியலாளர், ஓர் உயிர் தன் ரத்த உறவுக்காக எப்போது தியாகம் செய்யும் என்பதைக் கணிதத்தில் எழுதினார். பெறுபவருக்குக் கிடைக்கும் பலனை உறவின் நெருக்கத்தால் பெருக்கினால் வருவது, கொடுப்பவரின் இழப்பைவிட அதிகமாக இருக்க வேண்டும். அப்படியானால் மட்டுமே அந்தக் குணம் தலைமுறைகளில் நிலைக்கும். நான் தினமும் எழுதும் நிரலில் ‘இஃப்’ என்று ஒரு வரி வருமே, அதேதான். இயற்கை எழுதிய அன்பில் எங்கு திறந்தாலும் நிபந்தனைகள்தான் தெரிகின்றன.

மானுடவியலாளர் சாரா பிளாஃபர் ஹர்டி இதை மனிதத் தாய்களிடம் பொருத்திப் பார்த்தவர். 1999இலும் 2009இலும் வந்த அவருடைய இரண்டு பெரிய நூல்களின் சாரத்தை எளிமையாகச் சொல்லலாம். சிம்பன்சித் தாய் மாதக்கணக்கில் குட்டியை வேறு யாரிடமும் கொடுக்காது. மனிதக் குழந்தையோ பாட்டி, அக்கா, அத்தை, பக்கத்து வீடு என்று பல கைகளில் வளர்ந்தே உயிர்பிழைத்த இனம். அதனால் மனிதத் தாயின் மனம், ‘எனக்குத் துணைக்கு யார் இருக்கிறார்கள்?’ என்பதையும் பார்த்துக்கொண்டேதான் குழந்தையை நெருங்குகிறது. துணை இல்லை என்று பட்டால் தயங்குகிறது. இதைப் படித்தபோது எங்கள் அடுக்குமாடி வீட்டை ஒருமுறை சுற்றிப் பார்த்தேன். இரண்டு படுக்கையறை, இரண்டு லேப்டாப், ஒரு எக்செல் கோப்பு. மாமியார் பத்து நாள் இருந்துவிட்டு, அங்கே மாமனாருக்குச் சர்க்கரை ஏறிவிட்டதென்று கிளம்பியிருந்தார். எனக்கு ஐந்து நாள் விடுப்பு, அதுவும் முடிந்திருந்தது.

*

அப்படியென்றால் சமூகம் கற்றுத்தருவதுதான் நிபந்தனையற்ற அன்பா? அங்கே போனால் நிலைமை இன்னும் மோசம்.

1780இல் பாரிஸ் காவல்துறைத் தலைவராக இருந்த லெனுவார் ஒரு கணக்கைப் பதிந்துவைத்தார். அந்நகரில் ஆண்டுக்குப் பிறக்கும் சுமார் 21,000 குழந்தைகளில் பெற்ற தாயிடம் பால் குடிப்பவை ஆயிரம் மட்டுமே. இன்னொரு ஆயிரத்துக்கு வீட்டோடு செவிலித்தாய். மிச்சமெல்லாம் ஊருக்கு வெளியே, கூலிக்குப் பால் கொடுக்கும் பெண்களிடம் போயின. பல திரும்பவேயில்லை. எலிசபெத் பதாந்தேர் 1980இல் எழுதிய நூலில் இந்தக் கணக்கை முன்வைத்துத்தான், தாயன்பு எல்லாக் காலத்துக்கும் பொதுவான இயற்கை விதி என்பதைக் கேள்விக்குள்ளாக்கினார். அந்தத் தாய்கள் அரக்கிகள் அல்ல. வசதியானவர்களுக்கு அது நாகரிகம், உழைக்கும் பெண்களுக்கு வேறு வழியில்லை.

பாரிஸ் வரை போக வேண்டியதில்லை. நான் சேலம் மாவட்டத்துக்காரன். தொட்டில் குழந்தைத் திட்டம் 1992இல் முதலில் தொடங்கியது எங்கள் மாவட்டத்தில்தான். பெண் குழந்தை வேண்டாமென்றால் கொல்லாதீர்கள், இந்தத் தொட்டிலில் போட்டுவிட்டுப் போங்கள் என்று ஓர் அரசு தன் மக்களிடம் கேட்க வேண்டியிருந்தது. எனக்கு அப்போது மூன்று வயது. உசிலம்பட்டி, சேலம், தருமபுரி என்று ஊர்ப்பெயர்கள் கள்ளிப்பாலோடு சேர்த்துச் சொல்லப்பட்ட காலம். அந்தத் தாய்களுக்கும் மார்பில் பால் சுரந்தது. சமூகம் அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தது அன்பை அல்ல, யாரிடம் அன்பு வைக்கலாம் என்ற பட்டியலை. அந்தப் பட்டியல் இன்றும் இருக்கிறது. பிள்ளைக்காகச் சொத்தையும் உடம்பையும் எழுதிக் கொடுக்கத் தயாரான அதே பெற்றோர், அவள் வேறு சாதிப் பையனைக் கைபிடித்ததும் என்ன ஆகிறார்கள் என்பதைச் செய்தித்தாளில் படித்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

பிரேசிலின் வடகிழக்கில், கரும்புத் தோட்டங்கள் சூழ்ந்த ஆல்டோ டூ குருசெய்ரு என்ற சேரியைப் பற்றி நான்சி ஷெப்பர்-ஹியூஸ் 1992இல் எழுதிய நூல் இன்னும் கடினமானது. குழந்தைகள் மலிவாகச் செத்துக்கொண்டிருந்த அந்த இடத்தில், தாய்கள் அழவில்லை. குழந்தை பிழைக்கும் என்று தெரியும்வரை பாசத்தைத் தள்ளிவைத்தார்கள். செத்த குழந்தை தேவதையாகிவிட்டது என்றார்கள். ஆனால் கதை அங்கே முடியவில்லை. பல ஆண்டுகள் கழித்து அவர் மீண்டும் போனபோது பிறப்பும் குறைந்திருந்தது, குழந்தை இறப்பும் குறைந்திருந்தது. இப்போது அதே ஊர்த் தாய்கள் ஒவ்வொரு குழந்தையையும் பிறந்த நாளிலிருந்தே பற்றிக்கொள்கிறார்கள் என்று 2013இல் எழுதினார். அந்த ஊருக்கு யாரும் போய்த் தாயன்பு வகுப்பு எடுக்கவில்லை. குழந்தை பிழைக்கும் என்று நம்ப முடிந்ததும், அன்பு முன்கூட்டியே வர ஆரம்பித்திருக்கிறது.

ஆக இயற்கை கொடுப்பதும் நிபந்தனையோடுதான், சமூகம் கொடுப்பதும் நிபந்தனையோடுதான். ஆனாலும் நிபந்தனையில்லாமல் நேசிக்கப்பட்டவர்களை நாம் பார்த்திருக்கிறோம், நாமே அப்படி நேசிக்கப்பட்டிருக்கிறோம். அது எங்கிருந்து வருகிறது?

*

என் பதில் ஓர் எலி ஆய்வில் தொடங்குகிறது, சிரிக்காதீர்கள். 1967இல் ஜே ரோசன்பிளாட் என்பவர், குட்டியே போடாத பெண் எலிகளின் கூண்டில் பிறந்த குட்டிகளை விட்டார். முதலில் அந்த எலிகள் ஒதுங்கின. புதிய வாசனை, புதிய நெளியும் பொருள், பயம். தினமும் குட்டிகளோடு வைத்துக்கொண்டே இருந்தார். சில நாட்களில் அவை குட்டிகளைக் கவ்வி ஓரிடத்தில் சேர்த்தன, நக்கின, கூடு கட்டின, பாலே இல்லாமல் பால் கொடுப்பதுபோல் குனிந்து நின்றன. சினைப்பை நீக்கப்பட்ட எலிகளும் அப்படியே செய்தன. ஆண் எலிகளும் செய்தன. பெற்ற எலிக்குப் பிறந்த கணத்திலேயே வருவது, பெறாத எலிக்குச் சில நாள் கூடவே இருந்தால் வருகிறது.

மனிதர்களில் இதற்கு இணையாக 2014இல் இஸ்ரேலில் ரூத் ஃபெல்ட்மனின் குழு ஓர் ஆய்வு வெளியிட்டது. குழந்தையை முதன்மையாகக் கவனித்துக்கொள்ளும் தாய்கள், துணைக்கு நிற்கும் தந்தைகள், தாயே இல்லாத வீட்டில் முழுப் பொறுப்பையும் எடுத்துக்கொண்ட தன்பால் இணையரான தந்தைகள் என்று மூன்று தரப்பின் மூளையையும் பார்த்தார்கள். முழுப் பொறுப்பெடுத்த தந்தைகளின் மூளையில், அமிக்டலா என்ற பகுதி தாய்களுக்கு இணையாக இயங்கியது. தந்தை குழந்தையோடு செலவிட்ட நேரத்துக்கும் மூளையின் இணைப்புகளுக்கும் தொடர்பு இருந்தது. முதலில் கை வேலை செய்கிறது, பிறகு மூளை மாறுகிறது.

இதை எனக்கு ஆய்வு சொல்லித்தான் தெரிய வேண்டுமென்பதில்லை. மருத்துவர் சொன்ன ஐந்து மணி நேரத்தை மனைவிக்குக் கொடுக்க வேண்டுமானால் இரவு பதினொன்றிலிருந்து நான்குவரை நான் விழித்தாக வேண்டும். எங்கள் தொழிலில் இதற்கு ‘ஆன்-கால்’ என்று பெயர். நள்ளிரவில் சர்வர் விழுந்தால் எழுந்து பார்க்கும் முறை. அதில் ஒரு பாலபாடம் உண்டு: ஒரே ஆளை எல்லா இரவும் ஆன்-காலில் போடாதே, ஆள் உடைந்துவிடுவான். ஒரு சர்வருக்கு நாங்கள் கொடுத்த இந்த மரியாதையை, பெற்றெடுத்த ஒரு பெண்ணுக்கு யாரும் கொடுக்கவில்லை. 2017 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு தாய்க்கு 26 வார விடுப்பு. மத்திய அரசு ஊழியரான தந்தைக்குப் பதினைந்து நாள். தனியார் நிறுவனத் தந்தைக்குச் சட்டப்படி எதுவும் இல்லை. அதாவது பாசம் தாய்க்குத் தானாக வரும் என்ற நம்பிக்கையின்மேல்தான் இந்தக் கணக்கே போடப்பட்டிருக்கிறது.

அந்த இரவுகளில் எனக்கு அன்பு எதுவும் பொங்கவில்லை. எரிச்சல்தான் இருந்தது. பால் கலக்கு, சூடு பார், தோளில் போட்டு ஏப்பம் எடு, ஈரம் மாற்று. பாட்டுத் தெரியாததால் அடுத்த நாள் செய்ய வேண்டிய வேலைகளை ராகம் போட்டு அவளிடம் சொல்வேன். எப்போதோ ஒரு நாள், அவள் அழாமலேயே நான் எழுந்து போய் மூச்சு வருகிறதா என்று பார்த்தேன். அதற்கு முந்தைய நாளும் பார்த்திருந்தேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

*

மூன்றாம் மாதம் அம்மா ஊரிலிருந்து வந்தாள். மனைவி பற்றி அவளிடம் பட்டும் படாமலும்தான் சொல்லியிருந்தேன். ஒரு மதியம், குழந்தையைக் காலில் போட்டு எண்ணெய் தேய்த்துக்கொண்டே அம்மா பேசினாள்.

“அந்தப் புள்ளைய ஒண்ணும் சொல்லாத சாமி. நீ பொறந்தப்ப எனக்கும் இப்படித்தான். மூணு வாரம் உன்ன நான் சரியாத் தூக்கவே இல்ல. அம்மாயிதான் எல்லாம் பாத்துக்கிச்சு. பசிச்சா மட்டும் கொண்டாந்து மடியில போடும். நான் செவுத்தப் பாத்துக்கிட்டே பால் குடுப்பேன். இத யார்கிட்டயும் சொன்னதில்ல.”

நான் ஒன்றும் பேசவில்லை. அவளே தொடர்ந்தாள்.

“நீ பையனாப் பொறந்த, அதனால யாரும் ஒண்ணும் கேக்கல. பொண்ணா இருந்திருந்தா, நான் மொகத்தத் திருப்பிக்கிட்டதையே சாக்கா வச்சு என்ன வேணா ஆயிருக்கும். அப்ப நம்ம பக்கம் அப்படி.”

ஹார்லோவும் ஹர்டியும் பாரிஸ் கணக்கும் படித்து, மனைவிக்கு ஆறுதலும் சொல்லியிருந்த எனக்கு, அந்தக் கணத்தில் வந்தது புரிதல் அல்ல. வலி. சின்னப் பையனின் வலி. உலகத்துத் தாய்கள் எல்லோருக்கும் பாசம் தாமதமாக வரலாம் என்று ஒப்புக்கொண்டுவிட்டேன், என் அம்மா ஒருத்தியைத் தவிர. எனக்கு மட்டும் அது இயல்பூக்கமாக இருந்திருக்க வேண்டும்.

ஏன்? சில நாள் இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். இயல்பூக்கம் என்றால் திரும்பப் பெற முடியாது என்று ஒரு நிம்மதி. கற்றுக்கொண்டது என்றால் இரண்டாந்தரம், ஒருநாள் மறந்தும் போகலாம் என்று ஒரு பயம். இது தவறு என்று எனக்குப் புரியவைத்தது நான் இப்போது எழுதிக்கொண்டிருக்கும் இந்த மொழிதான். பேசும் திறனோடுதான் எந்தக் குழந்தையும் பிறக்கிறது. ஆனால் தமிழோடு எவரும் பிறப்பதில்லை. யாரோ நம்மிடம் ஓயாமல் பேசி, நாம் உளறி, திருத்தப்பட்டுக் கற்றுக்கொண்டது அது. கற்றுக்கொண்டது என்பதற்காகத் தாய்மொழியை யாராவது போலி என்பார்களா? நான் அதில்தான் கனவு காண்கிறேன், அடிபட்டால் அதில்தான் கத்துகிறேன்.

யாரும் பேசாவிட்டால் அந்தத் திறன் என்ன ஆகும் என்பதற்கும் சாட்சி இருக்கிறது. ருமேனியாவில் சௌசெஸ்குவின் ஆட்சி 1966இல் கருக்கலைப்பைத் தடை செய்தது. 1989இல் அந்த ஆட்சி விழுந்தபோது, அரசு விடுதிகளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் இருந்தார்கள். அழுதாலும் யாரும் வராத தொட்டில்கள். பின்னர் புக்கரெஸ்டில் 136 குழந்தைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வில், இரண்டு வயதுக்குள் வளர்ப்புக் குடும்பங்களுக்குப் போனவர்கள் ஒருவரைப் பற்றிக்கொண்டு நேசிப்பதில் பெரிதும் தேறினார்கள். தாமதமாகப் போனவர்களுக்கு அது கடினமாக இருந்தது. அந்த வளர்ப்புத் தாய்கள் யாரும் பெற்றவர்கள் அல்ல.

அம்மாவைப் பற்றி யோசித்தபோது இன்னொன்றும் தெளிவானது. எல்லாமே இயல்பூக்கம் என்றால் அவளுக்கு நான் நன்றி சொல்ல ஒன்றுமில்லை. இதயம் துடிப்பதற்கு யாரும் நன்றி சொல்வதில்லை. ஆனால் சுவரைப் பார்த்துக்கொண்டே பால் கொடுத்த அந்தப் பெண், எதுவும் தோன்றாமலேயே கொடுத்திருக்கிறாள். மறுநாளும் கொடுத்திருக்கிறாள். நாலாவது வாரமோ ஐந்தாவது வாரமோ முகத்தைத் திருப்பியிருக்கிறாள். அப்படித் திரும்பிய முகத்தைத்தான் முப்பத்தைந்து வருடமாக நான் அம்மாவின் முகம் என்று அறிந்திருக்கிறேன். அது அவளுக்கு நடந்த ஒன்று இல்லை, அவள் செய்த ஒன்று. அவள் செய்வதற்கு அம்மாயி இடம் செய்துகொடுத்திருந்தாள்.

*

நிபந்தனையற்ற அன்பு என்று சொல்லும்போது ஒரு குழப்பம் செய்கிறோம் என்று நினைக்கிறேன். நேசிக்கப்படுகிறவர்மேல் நிபந்தனை இருக்கக் கூடாது. நீ ஆணாக இருந்தால், நீ நல்ல மதிப்பெண் எடுத்தால், நீ எங்கள் சொல் கேட்டால் என்று எதுவும் கூடாது. இது சரி, இதில் சமரசம் கிடையாது. ஆனால் நேசிக்கிறவருக்கு நிபந்தனைகள் உண்டு. தூக்கம் வேண்டும், சோறு வேண்டும், இன்னும் இரண்டு கை வேண்டும், குழந்தை பிழைக்கும் என்ற நம்பிக்கை வேண்டும், ‘எனக்கு ஒண்ணும் தோணல’ என்று வாய்விட்டுச் சொன்னால் அடிக்க வராத காது வேண்டும். நாம் இதைத் தலைகீழாக்கி வைத்திருக்கிறோம். பிள்ளைமேல் நூறு நிபந்தனை, தாய்க்கு மட்டும் எந்தத் தேவையும் இருக்கக் கூடாது.

வள்ளுவர் இதை வேறொரு இடத்தில் எப்போதோ சொல்லிவிட்டார். அன்புடைமையை இல்லறத்திலும் அருளுடைமையைத் துறவறத்திலும் வைத்தவர் அவர். உறவு என்ற நிபந்தனையோடு வருவது அன்பு, அந்த நிபந்தனையும் இல்லாமல் எல்லா உயிர்மேலும் செல்வது அருள் என்று உரைகாரர்கள் பிரிப்பார்கள். ஆனால் அவர் அருளைப் பற்றிய முக்கியமான ஒன்றைத் துறவறத்தில் சொல்லவில்லை. பொருட்பாலில், பணம் சேர்ப்பது பற்றிய அதிகாரத்தில் சொல்கிறார். 757ஆம் குறளில் அருள் ஒரு குழந்தை. அதைப் பெற்றவள் அன்பு, வளர்ப்பவள் செல்வம் என்னும் செவிலித்தாய். பெற்றால் மட்டும் போதாது, வளர்க்க ஒரு செவிலியும் வேண்டும் என்ற அந்த ஒரு படிமத்தில், பாரிஸும் பிரேசிலும் சேலமும் எங்கள் இரண்டு படுக்கையறை வீடும் அடங்கிவிடுகின்றன.

மகளுக்கு இப்போது இரண்டரை வயது. மனைவியிடம் சமீபத்தில் கேட்டேன், எப்போது அது மாறியது என்று. யோசித்துவிட்டு, “தெரியலயே. தடுப்பூசி போட்டுட்டு வந்து ராத்திரி காய்ச்சல் அடிச்சுதே, அன்னிக்கா? இல்ல அதுக்கும் முன்னாடியே இருக்கும்” என்றாள். எனக்கும் என் தேதி தெரியவில்லை. பழைய எக்செல் கோப்பைத் திறந்து தேடினேன். முதல் நாற்பது நாளுக்கு நான்கு பத்திகளும் ஒழுங்காக நிரம்பியிருக்கின்றன. பிறகு மில்லி விடுபடுகிறது, அப்புறம் டயப்பர். ‘யார் எழுந்தது’ பத்தி மட்டும் கொஞ்ச நாள் தாக்குப்பிடித்திருக்கிறது, சண்டை வந்தால் காட்டுவதற்கு அது தேவைப்பட்டதால். எண்பத்து மூன்றாம் நாளோடு அதுவும் நிற்கிறது. அதற்குப் பிறகும் நாங்கள் இருவரும் எழுந்துகொண்டுதான் இருந்தோம், யார் எத்தனை முறை என்று எழுதி வைக்கவில்லை.